தாள் ஒட்டிய நாலு சுவர்: ஈஸ்ட் ஹாம் வீட்டுப் பின்னறையில் மூன்று வாரம்

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு ரோலரைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கும்போது அறை அழகாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை கதவைத் திறந்தால் ஜன்னல் சுவர் முழுக்க அப்பளம் பொரித்த மாதிரி கொப்புளம். வாசல் பக்கச் சுவரில் தாளும் தாளும் சேரும் இடமெல்லாம் மேலிருந்து கீழ் வரை வாய் திறந்து நிற்கிறது. பழைய கணப்பு அடுப்பு இருந்த சுவரில், இரண்டு கோட் பெயின்ட்டையும் மீறி டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு எட்டிப் பார்க்கிறது. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து இறங்க இன்னும் 24 நாள் இருந்தது, அறையில் கட்டில் கூடப் போடவில்லை.

பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது, நல்ல பெயின்ட்தான். நான் விட்டது அதற்கு முந்தைய வேலை முழுவதையும். அதைத் திரும்ப முதலிலிருந்து செய்தேன், சுவர் சுவராக. இங்கே லண்டனில் பழைய வீடு வாங்கியிருக்கிற, அல்லது வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தானே அடிக்கலாம் என்று நினைக்கிற யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

வீடு ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் ஒரு தெருவில். விக்டோரியா காலத்துக் கடைசியில் கட்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. மாடியில் பின்னறை. 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், உயரம் 2.6. நாலு சுவரிலும் லைனிங் பேப்பர் ஒட்டி அதன் மேல் எத்தனையோ கை பெயின்ட் அடித்திருந்தது.

லைனிங் பேப்பர் என்றால் என்ன என்று எனக்கே வீடு வாங்கிய பிறகுதான் தெரியும். நம்ம ஊரில் செங்கல், சிமென்ட் பூச்சு, பட்டி, பிரைமர், பெயின்ட், அவ்வளவுதான் சுவர். இங்கே பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு தாளை ஒட்டிவிடுகிறார்கள். பூவும் இல்லை, கோலமும் இல்லை, வெறும் வெளிர்நிறத் தாள். நூறு வருஷத்துக் காரையில் தலைமுடி மாதிரி ஓடும் வெடிப்புகளை எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் விடும். மேலே தாள் இருந்தால் அடியில் விடுகிற வெடிப்பு வெளியே தெரியாது. சாதாரணமாக ஒரு சுருள் 56 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். 800, 1000, 1200, 1400, 1700, 2000 என்று எண் போட்டு விற்பார்கள். எண் கூடக் கூடத் தாள் தடிமன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் நோட்டுக்கெல்லாம் பழுப்புத் தாளில் அட்டை போட்டோமே, அதையே சுவருக்குப் போட்டால் எப்படியோ அப்படி.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1712இல் இங்கிலாந்தில் அச்சடித்த, சாயமிட்ட சுவர்த்தாளுக்கு வரி போட்டார்கள். சனங்கள் என்ன செய்தார்கள் என்றால், வரியில்லாத வெறும் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒட்டிய பிறகு அதன் மேல் நிறமடித்தார்கள், அச்சு வைத்து பூ வரைந்தார்கள். வரி 1836 வரை இருந்தது. வரிக்காரனை ஏமாற்றுவதில் ஊருக்கு ஊர் வித்தியாசமே கிடையாது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை என் முதல் எண்ணம், கொப்புளத்தையெல்லாம் பிளேடால் கீறி அமுக்கிவிடலாம் என்பது. நல்லவேளையாக அதற்கு முன் நம்ம தெருவிலேயே இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு போன் போட்டேன். லண்டனில் முப்பது வருஷமாக வீடு வீடாகப் பெயின்ட் அடிக்கிறவர். வந்தார், வாசலிலேயே நின்று பார்த்தார், சிரிக்கவில்லை.

"தம்பி, தண்ணி காட்ட முதல் தட்டிப் பார்த்தனீங்களோ?"

பார்க்கவில்லை.

"அப்ப உதைத் தொடாதேங்கோ. காயட்டும். நாளைக்கு எது மிஞ்சுதெண்டு பாப்பம்."

கொப்புளம் ஏன் வருகிறது என்று அவர் சொன்னதும் பாதி புரிந்தது, மீதியை நானே யோசித்துப் புரிந்துகொண்டேன். எமல்ஷன் தண்ணீரில் கலந்த பெயின்ட். தாள் அந்தத் தண்ணீரைக் குடித்து விரிகிறது, அதுவும் நீளவாட்டில் கொஞ்சமும் அகலவாட்டில் அதிகமும். பசை நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் விரிவதற்கு வழியில்லை, அப்படியே கிடக்கும். பசை விட்ட இடத்தில் அது வெளியே புடைத்துக்கொண்டு வருகிறது. காயும்போது தாள் மறுபடி சுருங்கும், கூடவே மேலே இருக்கிற பெயின்ட் தோலும் காய்ந்து இழுக்கும். அந்த இழுப்பில் ஓரம் பலவீனமாக இருந்தால் இணைப்பு திறந்துவிடும். சுவர்த்தாள் பசை தண்ணீரில் கரையும் சரக்கு என்பதால், பழைய பசையும் ஈரம் பட்டதும் இளகிக்கொடுக்கிறது. அதனால் ஈரத்தில் தெரிகிற எல்லாக் கொப்புளமும் கோளாறு கிடையாது, காய்ந்த பிறகும் நிற்பதுதான் கோளாறு.

பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். ஞாயிறு காலை 41. திங்கள் ராத்திரி 17. அந்தப் பதினேழில் 11 ஜன்னல் சுவரில் மட்டும். நான் செய்த தப்பே எனக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்காக ஒரு சனிக்கிழமையும் ஒரு பெரிய டின் பெயின்ட்டும் செலவழிக்க வேண்டியதில்லை. அண்ணன் சாதாரணமாகச் செய்வது இது: ஒரு ஸ்பாஞ்சை நனைத்து, ஒவ்வொரு சுவரிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கையகல இடத்தை நன்றாக ஈரமாக்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவார். கால் மணி நேரத்தில் புடைத்தால் அங்கே பசை இல்லை. புடைக்காவிட்டால் பெயின்ட்டுக்கும் புடைக்காது.

தட்டிப் பார்த்தது

"அப்போ முழுசா உரிச்சிடலாமாண்ணே?" என்று கேட்டேன். எனக்கு அப்போது ஆத்திரம், நாலு சுவரையும் செங்கல் தெரிய உரித்துவிட்டுப் புதுசாகப் பூசிவிடலாம் என்று.

"முழுக்க உரிச்சா காரை கையோட வரும் தம்பி. சில இடத்தில தாள்தான் இந்தச் சுவரைப் பிடிச்சு வச்சிருக்கு."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தட்டிப் பார்த்தபோது தெரிந்தது. இந்தக் காலத்து வீடுகளில் உள்தடுப்புச் சுவர் செங்கல் கிடையாது. மரச்சட்டம் நட்டு, குறுக்கே மெல்லிய மரப்பட்டிகளை விரற்கடை இடைவெளி விட்டு வரிசையாக அடித்து, அதன் மேல் மிருக முடி கலந்த சுண்ணாம்புக் காரையை அப்பியிருப்பார்கள். இடைவெளி வழியாகப் பின்பக்கம் பிதுங்கி மடங்கி நிற்கும் காரைதான் பிடிமானம். அந்தப் பிதுக்கம் உடைந்துபோனால் முன்பக்கக் காரை வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும், தாளின் தயவில்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். செங்கல் சுவரைத் தட்டும்போது 'டப்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும், 'டொப்' என்று கூடு விட்ட சத்தம் கேட்டால் காரை பொருமியிருக்கிறது என்று அர்த்தம். மரப்பட்டிச் சுவரிலோ எங்கே தட்டினாலும் கூடுதான் கேட்கும், ஏனென்றால் உள்ளே நிஜமாகவே கூடுதான். அங்கே காதை நம்பக் கூடாது. உள்ளங்கையை விரித்து வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். அசைந்தால், அல்லது உள்ளே பொடி சரியும் சத்தம் கேட்டால், அதுதான் நோய்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். பகலில் மழமழவென்று தெரிந்த சுவர் நிலா வெளிச்சத்தில் உழுத வயல் மாதிரி இருந்தது. பழைய பெயின்ட் வழிந்து காய்ந்த சொட்டு, ரோலர் விட்ட பொரி, யாரோ ஆணி பிடுங்கின இடத்தில் பள்ளத்தை நிரப்பாமல் பெயின்ட்டையே அப்பியது, எல்லாம் நிழலோடு நின்றன. நான் அடித்தது வேறு மினுக்கும் சில்க் எமல்ஷன். மினுக்கு கூடக் கூடச் சுவரின் குறை கூடுதலாகத் தெரியும், தாள் ஒட்டிய பழைய சுவருக்கு அது ஆகவே ஆகாது. மேட் எமல்ஷன்தான் மன்னிக்கும்.

கடைசியில் இப்படி முடிவானது. முன்னறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் தாள் உடும்புப்பிடியாக இருக்கிறது, உரிக்கவே கூடாது. வாசல் பக்கச் சுவரில் தாள் சரி, இணைப்புகள் மட்டும் விட்டிருக்கின்றன, ஒட்டிச் சரி செய்யலாம். ஜன்னல் சுவரும் கணப்பு அடுப்புச் சுவரும் உரித்தே ஆக வேண்டும். அறையின் உட்கூரையில் பழைய காலத்து அலை அலையான பூச்சு. 1999இல்தான் பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கத் தடையானது, அதற்கு முந்தைய அந்த மாதிரிப் பூச்சுகளில் அது கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. நான் தொடவே இல்லை, மேலேயே ஒரு கை அடித்துவிட்டேன்.

ஜன்னல் சுவர்

வெளிச்சுவர். ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல், நடுவில் காற்றிடைவெளி கிடையாது. குளிர்காலத்தில் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். வீட்டில் சோறு வடித்த ஆவி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்ட துணி, மூடிய ஜன்னல், தூங்குகிற மனிதர்களின் மூச்சு, எல்லா ஈரமும் போய்ப் படிகிற இடம் அதுதான். பீரோவை ஒட்டிப் போட்டிருந்த இடத்தில் தாளின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம்.

உரிப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். பெயின்ட் அடித்த தாளுக்குள் தண்ணீர் இறங்காது என்பதால் முதலில் முள்சக்கரம் வைத்து மேலோடு கீறிவிட வேண்டும், ஆழமாக அழுத்தினால் காரையில் தடம் விழுந்துவிடும். அப்புறம் வெந்நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தடவி ஊறவிட வேண்டும். ஜன்னல் சுவரில் அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் வாழைமட்டை உரிகிற மாதிரி மேல் வரை வந்துவிட்டது. அடியில் நீலப் பூப்போட்ட தாள், அதன் அடியில் பழுப்பில் கொடி ஓடிய இன்னொன்று. யாரோ ஆசைப்பட்டு வாங்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

பூசணத்தைக் காய்ந்த துணியால் துடைத்தால் அறை முழுக்கப் பறக்கும். பூசணக்கொல்லித் திரவம் அடித்து, டப்பாவில் போட்டிருந்த நேரம் வரை ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, பூசணம் பிடித்த தாளைப் பையில் கட்டி அப்போதே வெளியேற்றினோம். பூசணத் தாளின் மேலேயே பெயின்ட் அடித்து மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாளும் பசையும் அதற்குத் தீனி, ஆறு மாசத்தில் திரும்ப வந்துவிடும். பசை வாங்கும்போதும் பூசணத் தடுப்பு சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

கணப்பு அடுப்புச் சுவர்

இதுதான் மூன்று வாரத்தைத் தின்றது. சுவரின் நடுவே முன்னால் புடைத்து நிற்கும் பகுதி, உள்ளே புகைபோக்கி. அடுப்பு வாயைப் பலகை அடித்து எப்போதோ மூடிவிட்டார்கள், காற்று போக ஒரு ஓட்டை கூட விடாமல். மேலே புகைபோக்கி வழியாக ஈரம் இறங்கும், கீழே வெளியேற வழி இல்லை. எத்தனையோ வருஷம் நிலக்கரி எரித்த கரியும் உப்பும் செங்கலில் ஊறிக் கிடக்கின்றன. அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். ஈரமான நாளில் பழுப்புக்கறை வெளியே வந்து உட்காரும், வெயில் வந்தால் மங்கும். நான் பெயின்ட் அடித்ததும் பெயின்ட்டில் இருந்த தண்ணீர் அந்தக் கறையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டது.

இங்கே தாள் சுருள் சுருளாக வந்தது, ஆனால் பின்பக்கம் பசைக்குப் பதில் வெள்ளைப் பொடி. சுவரில் விரலை வைத்துத் தேய்த்தேன், மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. வெள்ளையடித்த திண்ணைச் சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளையாகுமே, அதே விவகாரம். இதற்கு இங்கே டிஸ்டெம்பர் என்று பேர். சுண்ணப்பொடியையும் மிருகப் பசையையும் கலந்து அந்தக் காலத்தில் அடித்தது. யாரோ அதைக் கழுவாமல் மேலேயே தாள் ஒட்டிவிட்டார்கள். தாள் பசையைப் பிடித்திருந்தது, பசை பொடியைப் பிடித்திருந்தது, பொடி எதையும் பிடிக்கவில்லை.

வெந்நீரும் நார் பிரஷ்ஷும் வைத்து நானும் மச்சானும் இரண்டு சாயங்காலம் தேய்த்தோம். வாளித் தண்ணீர் பால் மாதிரி ஆக, கொட்டி, மறுபடி பிடித்து, மறுபடி தேய்த்து, விரலில் ஒட்டாத வரை. ஓரங்களில் முழுக்கப் போகவில்லை, அங்கே மட்டும் ஸ்டெபிலைசிங் பிரைமர் ஒரு கை. அது மிச்சப் பொடியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

புடைப்பின் இடது பக்கம் 60க்கு 40 சென்டிமீட்டர் இடம் 'டொப்' என்றது. கறையும் அங்கேதான். உளியால் தட்டித் தட்டிக் கெட்டியான ஓரம் கிடைக்கும் வரை பெயர்த்து எடுத்தார் அண்ணன். சிமென்ட் வைத்துப் பூசிவிடலாமா என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். நடுவில் சிமென்ட்டை வைத்து அடைத்தால் ஈரம் சுற்றி வந்து பக்கத்தில் வெடிக்கும். அதனால் சுண்ணாம்புக் காரையே, இரண்டு அடுக்காக, நடுவில் காயவிட்டு. அப்புறம் பத்து நாள் அந்தச் சுவரைத் தொடவில்லை. சுண்ணாம்பு அவசரப்படாது, ரேடியேட்டரைக் கூட்டி வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

அந்தப் பத்து நாளில் அடுப்பு வாய்ப் பலகையை அறுத்து ஒரு காற்றுச்சல்லடை பொருத்தினேன். கறையின் விளிம்பு பெயர்த்த இடத்துக்கு வெளியேயும் கொஞ்சம் இருந்தது, அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் அடித்தோம். அரக்கு கலந்தது, ஆமாம், நம்ம ஊர்க் காட்டு மரங்களில் பூச்சி வைக்கிற அதே அரக்கு. தண்ணீரில் கரையாது என்பதால் கறை அதைத் தாண்டி வராது. ஆனால் ஈரம் வரும் வழியை அடைக்காமல் இதை மட்டும் அடித்தால் கறை பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிற மாதிரி நகர்ந்து போகும், அவ்வளவுதான்.

உரிக்காத இரண்டு சுவர்

வேலை குறைவு என்று நினைத்த இந்த இரண்டிலும்தான் நான் தனியாகப் புகுந்து இரண்டு தப்பு செய்தேன்.

முதலில் கழுவுவது. சுகர் சோப் என்று ஒரு பொடி, சீனி மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பேர். எண்ணெய்ப்பிசுக்கையும் கை அழுக்கையும் எடுக்கும். கரைசலில் ஸ்பாஞ்சை முக்கி நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும், பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை. தாள் சுவரை ஊறவைக்கக் கூடாது, மேல் தோலைத்தான் கழுவுகிறோம். மினுக்குப் பெயின்ட்டின் மேல் புதுப் பெயின்ட் பிடிக்காது என்பதால் உப்புத்தாள் போட்டு மினுக்கை எடுக்க வேண்டும். நான் கையில் கிடைத்த 80 நம்பர் முரட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போய், இரண்டு இடத்தில் பெயின்ட் தோல் கிழிந்து தாள் கம்பளி மாதிரி நார் எழும்பிவிட்டது. எழும்பிய நாரை மேலும் தேய்த்தால் மேலும் எழும்பும். அதன் மேல் கொஞ்சம் பெயின்ட்டைத் தடவிக் காயவிட்டு, நார் விறைத்த பிறகு நைசான 240 நம்பரால் சும்மா வருடிவிட்டால் அடங்குகிறது. இது அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது தப்பு வாசல் பக்கச் சுவரில். திறந்த இணைப்பை முதலில் ஒட்ட வேண்டும். கத்தி முனையால் ஓரத்தை மெல்லத் தூக்கி, இணைப்புப் பசையைச் சின்ன பிரஷ்ஷால் உள்ளே விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, சின்ன உருளையால் அமுக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். கொப்புளம் என்றால் கூர்மையான பிளேடால் கூட்டல் குறி மாதிரி கீறி நாலு இதழையும் விரித்து அதே வைத்தியம். இது வரை சரியாகவே செய்தேன். அதற்கப்புறம் இணைப்புக் கோட்டை நிரப்புவதற்கு, அண்ணன் இல்லாத நேரம் பார்த்து, துப்பாக்கியில் வைத்து அழுத்துகிற கால்க் என்கிற இடைவெளி அடைக்கும் பசையை நீளமாக இழுத்துவிட்டு விரலால் தடவிவிட்டேன். எவ்வளவு சுலபம்! மறுநாள் மேலே அடித்த பெயின்ட் அந்தக் கோடு முழுக்க வறண்ட ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. கால்க் ரப்பர் மாதிரி நெகிழ்கிறது, மேலே காய்ந்த பெயின்ட் நெகிழாது. தேய்த்து மட்டம் பண்ணவும் முடியாது. அது சுவரும் சட்டமும் சேரும் மூலை முடுக்குக்கு. தட்டையான இணைப்புக்கு நம்ம ஊர்ப் பட்டி மாதிரியான மெல்லிய ஃபில்லர்தான், அதுவும் அகலப் பட்டி பிளேடால் இரண்டு பக்கமும் அரையடி அகலத்துக்கு இழைத்து விட வேண்டும், மேடு தெரியாமல். சுரண்டி எடுத்துத் திரும்பச் செய்ய ஒரு முழு நாள்.

கீழே ஓடும் மரச்சட்டத்துக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் ஈயம் கலந்த பெயின்ட் பொது விற்பனைக்குத் தடையானது 1992இல்தான். கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்தேன், சிவந்தது. அதனால் அங்கே உலர்ந்த உப்புத்தாள் கிடையாது, ஈரத்தாள்தான், முகமூடியோடு, பையனை அறைப் பக்கமே விடாமல்.

புதுத் தாள்

ஜன்னல் சுவர் 3 மீட்டர், அதற்கு ஆறு துண்டு. அடுப்புச் சுவர் புடைப்பின் இரண்டு பக்கவாட்டையும் சேர்த்து 4.3 மீட்டர், எட்டு துண்டு. மேலும் கீழும் வெட்டிவிடக் கொஞ்சம் சேர்த்து ஒரு துண்டு 2.7 மீட்டர், ஒரு சுருளில் மூன்றுதான் தேறும். 14 துண்டுக்கு ஐந்து சுருள், கைத்தப்புக்கு ஒன்று சேர்த்து ஆறு வாங்கினேன், 1400 நம்பர். அதை விட மெல்லிசாக வாங்கினால் காரையின் சொரசொரப்பு வெளியே தெரியும். மேலே பூத்தாள் ஒட்டுவதாக இருந்தால் லைனிங்கைக் குறுக்கே ஒட்டுவார்கள், இரண்டின் இணைப்பும் ஒரே இடத்தில் விழாமலிருக்க. பெயின்ட்டுக்கு நெடுக்கே ஒட்டினால் போதும்.

முந்தின நாளே நீர்த்த பசையைச் சுவர் முழுக்க ஒரு கை தடவிக் காயவிட்டோம். இல்லையென்றால் வெறும் காரை, தாளில் இருக்கிற பசையின் ஈரத்தை நொடியில் உறிஞ்சிவிடும், நகர்த்திச் சரி செய்ய நேரமே கிடைக்காது.

தூக்குக்குண்டு விட்டு முதல் கோடு. பழைய வீட்டு மூலையை நம்பி ஆரம்பித்தால் நாலாவது தாளில் கோணல் தெரிந்துவிடும். பசை தடவிய தாளைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து வைத்துப் பத்து நிமிஷம் ஊறவிடுவார் அண்ணன், ஒவ்வொன்றுக்கும் அதே பத்து நிமிஷம், போனில் மணி வைத்து. ஒன்று ஐந்து நிமிஷமும் இன்னொன்று இருபது நிமிஷமும் ஊறினால் இரண்டும் வேறு வேறு அளவுக்கு விரிந்திருக்கும், சுவரில் காயும்போது ஒன்று சுருங்கி இணைப்பு திறக்கும். என் முதல் ராத்திரிக் கொப்புளத்துக்கும் இதற்கும் காரணம் ஒன்றே என்று அப்போதுதான் உறைத்தது. ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்க வேண்டும், ஏறக் கூடாது. பிரஷ்ஷை நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். மூலையில் முழுத்தாளைத் திருப்பாமல் ஒரு விரல் அகலம் மட்டும் திருப்பி வெட்டி, அடுத்த சுவரைப் புதுத் துண்டில் தொடங்க வேண்டும்.

இரண்டு நாள் காயவிட்டோம், ஹீட்டர் போடாமல். அப்புறம் இணைப்புகளுக்கு மெல்லிய ஃபில்லர், 240 நம்பர், தூசியைத் துடைத்து, ஃபில்லர் வைத்த இடத்துக்கெல்லாம் நீர்த்த பெயின்ட்டால் ஒரு தொடுப்பு. இந்தத் தொடுப்பை விட்டுவிட்டால் ஃபில்லர் ஒரு மாதிரியும் தாள் ஒரு மாதிரியும் பெயின்ட்டை உறிஞ்சி, காய்ந்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரியும். முதல் கை மேட் எமல்ஷனில் சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து.

அடித்த அரை மணியில் புதுத்தாளில் அங்கங்கே கொப்புளம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "காயட்டும்" என்றார். சாயங்காலம் ஒன்று கூட இல்லை. அடுத்த இரண்டு கை நானே அடித்தேன்.

தாள், பசை, காரை, பிரைமர்கள், புதுப் பெயின்ட் எல்லாம் சேர்த்து 190 பவுண்டு சொச்சம். அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார், ஆறு மாசத்துக்கு அம்மா கைச் சமையல் என்று கணக்கு முடிந்தது. முதல் சனிக்கிழமை அடித்து வீணான பெயின்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, மனைவி சேர்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அம்மா வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி கேக்குது?" என்றாள். முன்னறைத் தடுப்புச் சுவர்.

ஒரு குளிர்காலம் போய்விட்டது. பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம், பூசணம் வரவில்லை. ரேடியேட்டருக்கு மேலே ஒரே ஒரு இணைப்பு மட்டும் விரல் நீளத்துக்குத் திறந்தது, ஒட்டிவிட்டேன். அடுப்புச் சுவரில், நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, பூசிய இடத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் லேசாக ஒரு நிழல் வந்து போனது. பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். புகைபோக்கி மேலே ஏறிப் பார்க்க ஆள் வருகிற வியாழக்கிழமை வருகிறார்.